பக்கம்

கூலரை விலைக்கு வாங்கிக்கொண்ட ஹர்பிரீத்
மயூர் விஹார் மாடிப்படியில் நின்று கேட்டாள்:
வீட்டுக்குப் போகிறாயா?
வீட்டுக்கு இல்லை, வீட்டுப் பக்கம்.
என் இந்தியில் அந்த வித்தியாசம் வரவில்லை.
பதினொரு வருடம் பேசியும் வரவில்லை.
சிரித்துவிட்டு ஆமாம் என்றேன்.

லாரி ஏழு நாள் எடுத்துக்கொண்டது.
பீரோக் கண்ணாடி நொறுங்கி வந்தது,
உடைந்தால் நல்லது என்றிருந்த தட்டுகள்
ஒன்றுவிடாமல் முழுசாக வந்தன.
ரஜாய்க்கு இந்த ஊரில் வேலையே இல்லை.
கக்கதாசபுரத்து வாடகை வீட்டின் பரணில்
நாலாக மடித்துக் கிடக்கிறது
ஒரு தில்லி ஜனவரி.

வீட்டுக்காரர் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார்.
சொந்த ஊர் எது என்றார் அப்புறம்.
வாணியம்பாடி.
ஓ, இல்லே ஹத்ர, என்று
ஆறு மாதத்துக்கு இறங்கினார்.
ஹத்ர என்றால் பக்கம்.
நான் கற்ற முதல் கன்னடச் சொல்,
நாலு மாத வாடகை மிச்சம்.

பக்கம்தான். கன்டோன்மென்ட்டில் ஏறினால்
மூன்று மணி நேரம், மூன்று மாநிலம்.
பங்காருப்பேட்டை வரை கன்னடம் பேசும் கடலை விற்பவர்
குப்பத்தில் தெலுங்குக்கு மாறுவார்.
அதே கடலை, அதே பொட்டலம்.

"இப்பப் பக்கத்துலதானே இருக்க"
என்றான் இளம்பரிதி,
பத்திர ஆபீசில் ஒரு கையெழுத்துக்கு.
அதையே சொன்னாள் சித்தி,
பேரனின் காதுகுத்துக்கு.
அதையே சொன்னார் யாரென்றே தெரியாத ஒருவர்,
மகனுக்கு ஒயிட்ஃபீல்டில் ரூம் பார்க்க.
தில்லி எனக்கு எத்தனை பொய்களை
இலவசமாகத் தந்து வைத்திருந்தது!
டிக்கெட் கிடைக்கலை.
வெயிட்டிங் லிஸ்ட் நூற்றி நாற்பது.
ஆடிட் முடியலை. லீவு இல்லை.
பனி, விமானம் கிளம்பலை.

பனி மட்டும் பொய் இல்லை.
அன்று அப்பா
வாடகை ஐஸ் பெட்டிக்குள்
பத்தொன்பது மணி நேரம் எனக்காகக் காத்திருந்தார்.
போய் இறங்கியபோது
பெட்டியின் மூடியில் உள்பக்கம் நீர் கோத்திருந்தது.
நான் வெளிப்பக்கம் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

அதைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மாற்றல் மனுவில் காரணம் என்ற கட்டத்துக்கு
ஒரே ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.
குடும்பச் சூழ்நிலை என்று எழுதினேன்.
முன்பு நிரப்பியவர்களும்
அதையேதான் எழுதியிருப்பார்கள்.

அம்மாவுக்கு ஒரு சட்டம் உண்டு:
ஒன்பது மணிக்கு மேல் தில்லிக்குப் போன் செய்யக்கூடாது.
தூரத்துல இருக்குற பொண்ணு, பதறிப் போகும்.
இதை எனக்குச் சொன்னவன் தம்பி.

போன செவ்வாய், இரவு பதினொன்று இருபது.
திரையில் அம்மா.
எடுப்பதற்குள் பர்ஸ் கையில் இருந்தது,
ஒரு காலில் செருப்பு இருந்தது,
கடைசி ரயில் போய்விட்டது, ஓசூர் வழி டாக்சி என்று
மனம் ஆனேக்கல்லைத் தாண்டியிருந்தது.

தூங்கிட்டியா தமயந்தி?
இல்லம்மா. என்ன? என்னாச்சு?
ஒண்ணுமில்ல. கரண்ட் போச்சு.
சும்மாதான் போட்டேன்.

படியில் உட்கார்ந்தேன், ஒற்றைச் செருப்போடு.
மேல்வீட்டுப் பூனை மூணு குட்டி போட்டிருக்கிறது.
பாலாற்றில் இந்த வருடமும் மணல்தான் ஓடுகிறது.
இளம்பரிதி சர்க்கரைக்கு மாத்திரை போடுவதில்லை,
நான் சொன்னால் கேட்பானாம்.
கொசு. கொசு. பிறகு கொஞ்ச நேரம்
இரண்டு பேரும் பேசவில்லை,
யாரும் வைக்கவும் இல்லை.

திடீரென்று அந்தப் பக்கம்
பழைய மின்விசிறி கடகடத்துச் சுற்ற ஆரம்பித்தது.
கரண்ட் வந்திருச்சு, வச்சிடட்டுமா?

இரும்மா, என்றேன்.
இன்னும் கொஞ்ச நேரம் இரு.